பையனின் தொட்டியில் இலைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. செடிகளைப் பிடுங்கிவிடலாமா?

செங்காந்தள், தருமபுரி | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மீன் தொட்டி பற்றி எனக்கு அதிகம் தெரியாது. இது என் பையனுடையது. பிளஸ் ஒன் படிக்கும்போது சேர்த்துவைத்த பணத்தில் அவனே வாங்கினான். இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். ஆகஸ்டில் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். போகும் முன் தொட்டிக் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனான். என்னென்ன செடி, எவ்வளவு தீனி, விளக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கிறான்.

செடிகள்: பின்பக்கம் முழுக்க வாலிஸ்னேரியா, நடுவில் அமேசான் ஸ்வோர்டு ஒன்று, முன்னால் கிரிப்ட் நான்கு, மரக்கட்டையில் கட்டிய ஜாவா ஃபெர்ன், ஒரு சின்ன அனுபியாஸ். மீன்கள்: கப்பி பத்துப் பன்னிரண்டு. மஞ்சள் நத்தை இரண்டு.

அவன் போன பத்தாம் நாளே கிரிப்ட் எல்லாம் கூழாகிவிட்டது. தொட்டால் கையோடு வருகிறது. பிறகு வாலிஸ்னேரியா நுனியிலிருந்து கண்ணாடிபோல் வெளுத்து, அறுந்து, மேலே மிதக்கிறது. ஸ்வோர்டின் வெளி இலைகள் மஞ்சளாகிவிட்டன. ஜாவா ஃபெர்ன் இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். வாராவாரம் தண்ணீர் மாற்றுகிறேன், தீனியும் அளவாகத்தான் போடுகிறேன்.

தீபாவளிக்கு வருவான். போனில் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மற்ற செடிக்கும் பரவும் முன் எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாமா, காப்பாற்ற வழி இருக்கிறதா?

*

மொரப்பூர் ஜங்ஷன் | ஞாயிறு, இரவு 10:05

அக்கா, லிக்விட் கார்பன்னு கடைல கிடைக்கும். தினம் ஒரு மூடி ஊத்துங்க. கார்பன் பத்தலைன்னாதான் இலை இப்படி உருகும். என் தொட்டிக்கு நான் அதுதான் ஊத்தறேன்.

*

ரோஜாக்காடு, ஓசூர் | ஞாயிறு, இரவு 10:31

தம்பி, வாலிஸ்னேரியா இருக்கிற தொட்டிக்கு அதைச் சொல்லாதீங்க. கடையில் அந்தப் பெயரில் விற்கும் பாட்டிலில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரால்டிஹைடு. ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படுத்தும் பொருள் அது. பாசியை ஒடுக்கும், உண்மைதான். ஆனால் வாலிஸ்னேரியா அதைத் தாங்காமல் அடியோடு உருகிவிடும். ஏற்கெனவே உருகிக்கொண்டிருக்கும் செடிக்கு மேல் இதையும் ஊற்றினால் மிச்சமும் போய்விடும்.

அம்மா, எதையும் பிடுங்காதீர்கள், எதையும் ஊற்றாதீர்கள். கிரிப்ட் இலை கூழாவது அந்தச் செடியின் சுபாவம். சூழல் சட்டென்று மாறினால் இலையை விட்டுவிடும், வேரைக் காப்பாற்றிக்கொள்ளும். சரளைக்குள் விரலை விட்டு மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். வேர் வெள்ளையாக, இறுக்கமாக இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது.

*

அஞ்செட்டி மலை | திங்கள், காலை 6:50

நான் வேறு மாதிரி சொல்கிறேன். அழுகின இலை தொட்டிக்குள் கிடந்தால் அமோனியா ஏறும், கப்பி செத்துப்போகும். எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டுச் சரளையைக் கழுவி, புதுச் செடி வைத்துத் தொடங்குங்கள். ஒரு இலை அழுகினால் அடுத்த இலைக்கும் பரவும்.

*

ரோஜாக்காடு, ஓசூர் | திங்கள், காலை 7:15

அழுகிய இலையை எடுக்க வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். பரவும் என்பதில் இல்லை. பயிரில் வரும் பூஞ்சைநோய் போல இது ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில்லை. நான்கு வகைச் செடிக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்கிறது என்றால் நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. சரளையைக் கழுவினால் அதில் வாழும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். மீனுக்கு அதைவிட ஆபத்து வேறில்லை.

*

தக்காளித்தோட்டம், பாலக்கோடு | திங்கள், பகல் 1:20

நான் தொட்டி வெச்சு மூணு வருஷம்தான் ஆச்சு. ஆனா செடி பார்க்கிறது முப்பது வருஷமா. தக்காளியோ தொட்டிச் செடியோ, நான் முதல்ல கேட்கிறது ஒண்ணுதான்: போறது கீழ் இலையா, கொழுந்தா?

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் இதெல்லாம் செடிக்குள்ள நகரும். பத்தாக்குறை வந்தா செடி கிழட்டு இலையில இருந்து உருவிக் கொழுந்துக்குக் குடுத்துடும். அதனால கீழ் இலை பழுக்கும், கொழுந்து நல்லா இருக்கும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து அப்படி நகராது. போன இடத்துலயே தங்கிடும். அது குறைஞ்சா கிழட்டு இலை பச்சையா நிக்கும், கொழுந்து வெளுக்கும், இல்லேன்னா சுருண்டு கோணலாகும்.

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரிச்சுதுன்னு பழமொழி சொல்வாங்க. செடியில பழுத்த இலைதான் தன்னைக் கரைச்சுக் குருத்துக்கு ஊட்டுது. அதனால பழுத்த இலையைப் பார்த்துப் பதறாதீங்க. குருத்து எப்படி வருதுன்னு பாருங்க. ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியாச் சொல்லுங்கம்மா.

*

செங்காந்தள், தருமபுரி | திங்கள், இரவு 8:55

எல்லோருக்கும் நன்றி. பள்ளி விட்டு வந்ததும் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கிரிப்ட்: நான்கிலும் மேலே எதுவும் இல்லை. மூன்றின் வேர் இறுக்கமாக, வெள்ளையாக இருக்கிறது. ஒன்று இழுத்ததும் வந்துவிட்டது, நாற்றமும் அடிக்கிறது.

ஸ்வோர்டு: வெளிவட்டத்தில் ஐந்து இலை மஞ்சள். நடுவில் இரண்டு சின்ன இலை பச்சையாகவே இருக்கிறது.

வாலிஸ்னேரியா: இதில் பழையது, புதியது என்று பிரிக்க முடியவில்லை. பழைய நீள இலைகள் நுனியிலிருந்து கரைகின்றன, புதிதாக வருவதும் மெல்லியதாக, கோணலாக இருக்கிறது.

ஜாவா ஃபெர்ன்: புள்ளிகள் இலைக்கு அடியில் மட்டும். இரண்டு இலையின் நுனியில் கறுப்பு நூல்போல ஏதோ தொங்குகிறது.

அனுபியாஸ்: ஒரு இலை மஞ்சள், மற்றது சரி. அதன் தண்டைப் பையன் கட்டையில் கட்டியிருந்தான். கட்டு அவிழ்ந்ததால் போன மாதம் நான் சரளைக்குள் புதைத்து நட்டேன்.

படங்கள் ஆறு இணைத்திருக்கிறேன்.

*

கிருஷ்ணகிரி மீன்கடை | திங்கள், இரவு 9:30

அம்மா, மூன்றாவது படத்தில் நத்தை தெரிகிறது. அதன் ஓட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல் சுழியில் வெள்ளை வெள்ளையாகக் குழி விழுந்திருக்கிறது. கடையில் பதினெட்டு வருடமாக நத்தை விற்கிறேன். நம் மாவட்டத் தண்ணீரில் வளர்ந்த நத்தைக்கு ஓடு இப்படி அரிக்காது. இரும்புபோல இருக்கும்.

தொட்டிக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

*

மொரப்பூர் ஜங்ஷன் | திங்கள், இரவு 9:34

நத்தைதான் இலையைத் தின்னுதோ?

*

கிருஷ்ணகிரி மீன்கடை | திங்கள், இரவு 9:41

இந்த நத்தை அழுகிய இலையைத்தான் மேயும், தம்பி. இலை கெட்ட பிறகு நத்தை வரும். பார்க்கிறவர்கள் நத்தை வந்ததால் இலை கெட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். கடைக்கு வருகிற பத்துப் பேரில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்வார்கள்.

*

செங்காந்தள், தருமபுரி | திங்கள், இரவு 10:10

கேன் தண்ணீர். ஆர்.ஓ. செய்த 20 லிட்டர் கேன்.

பையன் இருந்தவரை மொட்டைமாடித் தொட்டியில் இருக்கும் போர் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தான். எனக்கு அது பிடிக்கவே இல்லை. என் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். ஃபுளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். என் பல்லில் இன்றைக்கும் அந்தப் பழுப்புக் கறை இருக்கிறது. என் பெரியம்மாவுக்கு ஐம்பது வயதிலேயே முதுகு வளைந்து, முட்டி மடக்க முடியாமல் போனது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் தண்ணீரைப் பயமில்லாமல் குடித்தார்கள்.

பையன் போன மறுநாள் தொட்டியை நன்றாகச் சுத்தம் செய்ய நினைத்து, முக்கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுக் கேன் தண்ணீரை நிரப்பினேன். அதன் பிறகு வாரம் ஒரு முறை 15 லிட்டர் அதிலேயே மாற்றுகிறேன். எனக்குத் தெரிந்ததில் நல்ல தண்ணீரைத்தான் கொடுத்தேன். அதுதான் தவறா?

*

ரோஜாக்காடு, ஓசூர் | திங்கள், இரவு 11:25

அம்மா, உங்கள் மனசில் தவறே இல்லை. நம் மாவட்டத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் காரணம் அந்தத் தண்ணீர்தான்.

நமக்குக் கீழே கிடப்பது பாறை. அந்தப் பாறை இடுக்கில் ஊறி வரும் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் எல்லாம் நிறைய. நமக்கு உப்புத் தண்ணீர், வாலிஸ்னேரியாவுக்கு விருந்து. பல செடிகள் தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை மட்டும்தான் எடுக்கும். வாலிஸ்னேரியா பைகார்பனேட்டிலிருந்தும் கார்பனை எடுத்துக்கொள்ளும். நம் ஏரிகளில் வேலம்பாசியோடு சேர்ந்து அது மண்டிக் கிடப்பது இதனால்தான். ஆர்.ஓ. தண்ணீரில் அந்தப் பைகார்பனேட்டும் இல்லை, கால்சியமும் இல்லை. பழைய இலை கரைகிறது, புது இலை கோணலாக வருகிறது என்றீர்கள் அல்லவா? பாலக்கோடு அண்ணன் சொன்ன கணக்கு அங்கே பொருந்துகிறது. கால்சியம் நகராத சத்து, இல்லாவிட்டால் கொழுந்து கோணும். நத்தையும் அதே பட்டினியில்தான் ஓட்டை இழந்திருக்கிறது.

உங்கள் தொட்டி கணக்கில் 56 லிட்டர். சரளையும் கட்டையும் மேலே விட்ட இடமும் போக 45 லிட்டர் தண்ணீர் இருக்கும். வாரம் 15 லிட்டர் என்றால் மூன்றில் ஒரு பங்கு. எட்டு வாரத்தில் பழைய தண்ணீர் நூற்றுக்கு 4 பங்குதான் மிஞ்சும். முதல் நாளே முக்கால் பங்கு எடுத்துவிட்டீர்கள் என்பதால் உங்கள் தொட்டியில் அதுவும் இருக்காது. கிரிப்ட் பத்தே நாளில் கூழானது அந்த முதல் நாள் மாற்றத்தால்.

மீனுக்கு ஃபுளோரைடு பற்றிப் பயப்படுகிறீர்கள். கால்சியம் மிகுந்த கடினநீரில் ஃபுளோரைடின் கடுமை மீனுக்குக் குறைவு. உங்கள் பையனின் கப்பிகள் இரண்டு வருடம் அந்தத் தண்ணீரில்தான் குட்டி போட்டுப் பெருகின. கப்பிக்கே கடினநீர்தான் பிடிக்கும். நாம் குடிக்கும் தண்ணீர் விஷயம் வேறு, அதில் நீங்கள் கவனமாக இருப்பது நூற்றுக்கு நூறு சரி.

*

அஞ்செட்டி மலை | செவ்வாய், காலை 6:30

நத்தை ஓட்டை நான் கவனிக்கவில்லை. பிடுங்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் கால்சியம் கிடைக்காதா?

*

ரோஜாக்காடு, ஓசூர் | செவ்வாய், காலை 7:05

கரைய நாளாகும், எவ்வளவு கரைந்தது என்று கணக்கும் தெரியாது. மாடியில் கால்சியம் குழாய் வழியாகவே வரும்போது அது எதற்கு?

ஆனால் இன்றைக்கே போர் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிவிடாதீர்கள் அம்மா. மறுபடியும் ஒரு திடீர் மாற்றம் வந்தால் கிரிப்ட் வேரும் தளர்ந்துவிடும், மீனும் திணறும். இரண்டு நாளுக்கு ஒரு முறை 5 லிட்டர் எடுத்து 5 லிட்டர் ஊற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகட்டும். தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் யாரிடமாவது இருந்தால் வாங்கி அளந்து சொல்லுங்கள்.

*

கிருஷ்ணகிரி மீன்கடை | செவ்வாய், காலை 9:15

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வீட்டில் சாஃப்ட்னர் வைத்திருந்தால் அந்தத் தண்ணீரை ஊற்றாதீர்கள். அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மீட்டரில் டிடிஎஸ் நிறையவே காட்டும், செடிக்கு வேண்டியது மட்டும் அதில் இருக்காது. எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மீட்டர் சொல்லும். என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. புது வீடு கட்டியவர்கள் நிறையப் பேர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

*

தக்காளித்தோட்டம், பாலக்கோடு | செவ்வாய், பகல் 12:40

என்ன கரைஞ்சிருக்குன்னு தெரியணும்னா பாசன நீர் பரிசோதனை இருக்குதுங்க. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துல என் கிணத்துத் தண்ணியைக் குடுத்துப் பார்த்தேன். கால்சியம், மெக்னீசியம், சோடியம், பைகார்பனேட் எல்லாம் தனித்தனியா எழுதிக் குடுத்தாங்க. தோட்டத்துக்குன்னு எடுத்ததுதான், தொட்டிக்கும் அதே தாள் உதவுது.

*

செங்காந்தள், தருமபுரி | செவ்வாய், இரவு 9:00

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் மீட்டர் இருந்தது. அளந்தேன். போர் தண்ணீர் 1120. கேன் தண்ணீர் 38. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் 290. தொட்டியில் இப்போது 70.

ஒகேனக்கல் தண்ணீரையே ஊற்றலாமா? மூன்று நாளுக்கு ஒரு முறை வருகிறது. போர் தண்ணீரை ஊற்ற எனக்கு இன்னும் கை வரவில்லை, மன்னியுங்கள்.

*

ரோஜாக்காடு, ஓசூர் | செவ்வாய், இரவு 9:50

தாராளமாக. காவிரித் தண்ணீர் மிகவும் நல்லது. அதில் குளோரின் இருக்கும், அதனால் பிடித்த உடனே ஊற்ற வேண்டாம். வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்துவைத்து ஊற்றுங்கள். அவசரமென்றால் கடையில் குளோரின் நீக்கி கிடைக்கும், அது சோடியம் தயோசல்பேட்தான்.

மூன்று பங்கு ஒகேனக்கல், ஒரு பங்கு போர் என்று கலந்தால் 500 சுற்றி வரும். வாலிஸ்னேரியா, கப்பி, நத்தை மூன்றுக்கும் போதும், கிரிப்டும் பழகிக்கொள்ளும். போர் வேண்டவே வேண்டாம் என்றால் காவிரி மட்டும் ஊற்றுங்கள், கொஞ்சம் மெதுவாகத் தேறும். கை வரும்போது வரட்டும்.

இனி இருக்கிற இலைகளை என்ன செய்வது என்று பார்க்கலாம். இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இலை வெட்டுவதில்தான் பலர் செடியைக் கொல்கிறார்கள்.

மஞ்சளாகிப் போன இலை திரும்பப் பச்சையாகாது. தண்ணீரைச் சரிசெய்த பிறகும் அந்த இலை சாகத்தான் செய்யும். அதைப் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அடுத்த மருந்தை ஊற்றுவார்கள். அளவுகோல் புது இலை மட்டுமே.

ஸ்வோர்டில் பாதிக்கு மேல் மஞ்சளான இலையை எடுத்துவிடுங்கள். பாதிக்கு மேல் பச்சை இருந்தால் விட்டுவிடுங்கள். அதிலிருந்து செடி இன்னும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ஐந்தையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். இன்று இரண்டு, அடுத்த வாரம் இரண்டு என்று எடுங்கள். இலைத் தகட்டை மட்டும் வெட்டிக் காம்பை விட்டால் அந்தக் காம்பு தனியாக அழுகும். அடிக்குருத்துக்குப் பக்கத்தில் காம்போடு கத்தரியுங்கள்.

வாலிஸ்னேரியாவை நடுவில் வெட்டவே வேண்டாம். வெட்டிய இடத்திலிருந்து பழுப்பேறிக் கீழே இறங்கும். கெட்ட இலையை அடியில் பிடித்து, இன்னொரு கையால் செடியை அழுத்திக்கொண்டு பக்கவாட்டில் உரித்தெடுங்கள், வாழைப்பட்டை உரிப்பதுபோல.

கிரிப்டில் வெட்ட எதுவும் மிஞ்சவில்லை. மிதக்கும் கூழைச் சின்ன வலையில் அள்ளிவிடுங்கள். அங்கே அழுகிக் கிடந்தால் அமோனியாவும் பாசியும்தான் மிச்சம். நாற்றமடித்த ஒன்றைத் தூக்கிப் போடுங்கள். மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மாற்றி நட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இலங்கை ஓடைகளில் பிறந்த செடி அது. மூன்று நான்கு வாரம் சும்மா இருந்து பிறகு ஊசிபோல ஒரு இலை விடும்.

ஜாவா ஃபெர்னுக்கு நோயே இல்லை! அந்தப் பழுப்புப் புள்ளிகள் அதன் வித்துப் பைகள். பெரணி இனத்தில் பெரும்பாலானவற்றுக்கு இலைக்கு அடியில் அப்படி வரும். நுனியில் தொங்கும் கறுப்பு நூல் குட்டிச் செடியின் வேர். அந்த இலைகள் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் வெட்டாதீர்கள்.

அனுபியாஸை இன்றைக்கே சரளையிலிருந்து எடுங்கள். அதன் தண்டு மஞ்சள் கிழங்குபோலப் படுத்து வளரும். வேர் மட்டும் உள்ளே போகலாம், கிழங்கைப் புதைத்தால் அழுகும். கட்டையில் நூலால் கட்டுங்கள். கிழங்கை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று கறுத்த பகுதி இருந்தால், கெட்டியான இடம் வரை கூரான பிளேடால் வெட்டி எறிந்துவிடுங்கள்.

*

செங்காந்தள், தருமபுரி | செவ்வாய், இரவு 10:20

ஜாவா ஃபெர்ன் இலைகளை நாளைக்கு வெட்டிவிடக் கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்திருந்தேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். பையனின் தாளில் கடைசி வரியில் "வேர் மாத்திரை, மூணு மாசம்" என்று எழுதியிருக்கிறது. மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் போடும் மருந்து என்று நினைத்து நான் தொடவில்லை. அலமாரியில் டப்பா இருக்கிறது. அது செடிக்கா?

*

கிருஷ்ணகிரி மீன்கடை | புதன், காலை 8:45

ஆமாம் அம்மா, ஸ்வோர்டுக்கு. அது வேரால் தின்னும் செடி. அடிச் சரளை வெறும் கல்லாக இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் பசி வந்துவிடும். அதுதான் வெளி இலைகளைத் தானே தின்றிருக்கிறது. தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி இரண்டு மாத்திரையைச் சரளைக்குள் ஆழமாக அழுத்திவிடுங்கள். மேலே கிடந்தால் கரைந்து பாசி வரும்.

*

தக்காளித்தோட்டம், பாலக்கோடு | புதன், பகல் 1:05

கேன் தண்ணியில சாம்பல்சத்தும் இருந்திருக்காது, தழைச்சத்தும் இல்ல. தொட்டி உரம் பாட்டில் வாங்கறதுக்கு முன்னாடி உரக்கடையைப் பாருங்கம்மா. சொட்டு நீருக்கு நாங்க விடற 13:0:45 இருக்கு, பொட்டாசியம் நைட்ரேட். தண்ணியில முழுசாக் கரையும்.

10 கிராமை அரை லிட்டர் ஆர்.ஓ. தண்ணியில கரைச்சு பாட்டில்ல வெச்சுக்குங்க. அதுல 10 மில்லி எடுத்தா 0.2 கிராம் உரம். உங்க 45 லிட்டருக்கு அது நைட்ரேட் லிட்டருக்கு 2.7 மில்லிகிராம், பொட்டாசியம் 1.7 மில்லிகிராம் ஏத்தும். வாரம் ரெண்டு தடவை போதும். கையில எடுத்துத் தூவாதீங்க. பசங்க கைக்கு எட்டாத இடத்துல வெச்சு மேல எழுதி ஒட்டுங்க.

19:19:19 கலப்பு உரம் வேண்டாம், யூரியா கிட்டவே போகாதீங்க. அதுல இருக்கிற யூரியாவும் அம்மோனியமும் மீனுக்கு ஆகாது. பேர் ஒண்ணு மாதிரி இருக்குன்னு கடைக்காரர் மாத்திக் குடுத்தா மூட்டை மேல இருக்கிற எண்ணைப் படிச்சிட்டு வாங்குங்க.

*

ரோஜாக்காடு, ஓசூர் | புதன், மாலை 6:40

அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஒரு வாரம் கழித்துத் தொடங்குங்கள், முதலில் தண்ணீர் திரும்பட்டும். விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது?

*

செங்காந்தள், தருமபுரி | புதன், இரவு 8:30

தாளில் 7 மணி நேரம் என்று இருக்கிறது. செடி வாடுகிறதே என்று நான் 12 மணி நேரம் போட்டுக்கொண்டிருந்தேன்.

*

ரோஜாக்காடு, ஓசூர் | புதன், இரவு 8:42

7-க்கே வந்துவிடுங்கள். இலை இல்லாத செடியால் அவ்வளவு வெளிச்சத்தைப் பயன்படுத்த முடியாது. பாசிதான் பயன்படுத்திக்கொள்ளும்.

*

செங்காந்தள், தருமபுரி | ஞாயிறு, காலை 11:10 (பதினெட்டு நாள் கழித்து)

நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் வாரம் ஒகேனக்கல் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். இரண்டாம் வாரம் முதல் வாளிக்கு ஒரு செம்பு போர் தண்ணீர் கலந்தேன். பிறகு நாலில் ஒரு பங்கு. இப்போது தொட்டியில் 430.

இரண்டு கிரிப்டில் சரளைக்கு மேலே ஒரு பழுப்பு நிற முள்போல வந்திருக்கிறது. இன்று காலை அதில் ஒன்று விரிந்து சின்ன இலையாகிவிட்டது. என் சுண்டுவிரல் நகம் அளவுதான். பத்து நிமிடம் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது கிரிப்ட் இன்னும் எதுவும் விடவில்லை.

வாலிஸ்னேரியா நிறையப் போய்விட்டது, பாதிதான் மிச்சம். ஆனால் மிஞ்சியவற்றில் புது இலைகள் நேராக வருகின்றன. ஒரு செடியிலிருந்து பக்கத்தில் கொடி ஓடிக் குட்டி வைத்திருக்கிறது. ஜாவா ஃபெர்ன் இலை நுனியில் மூன்று குட்டி. அனுபியாஸ் பாதிக் கிழங்கு அழுகியிருந்தது. வெட்டிக் கட்டினேன், இரண்டு இலையோடு நிற்கிறது.

நத்தையின் ஓட்டு விளிம்பில் புதிதாக ஒரு வளையம் மழமழவென்று வந்திருக்கிறது. பழைய குழிகள் அப்படியேதான் இருக்கின்றன.

ஒரு கவலை. ஸ்வோர்டில் புதிதாக வந்த இலை வெளிர் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. இப்போது கொழுந்தில் வந்திருக்கிறதே?

*

தக்காளித்தோட்டம், பாலக்கோடு | ஞாயிறு, பகல் 12:15

நரம்பு பச்சை, நடுவுல வெளுப்பு, அதுவும் கொழுந்துல. இரும்புச்சத்துங்க. சுண்ணாம்பு மண்ணுல எங்களுக்கும் இப்படித்தான் வரும்.

*

ரோஜாக்காடு, ஓசூர் | ஞாயிறு, பகல் 2:30

ஆமாம். தண்ணீர் கடினமானதும் பி.எச். ஏறியிருக்கும். 8-ஐ நெருங்கும்போது தண்ணீரில் இருக்கும் இரும்பு துருவாகிப் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. எங்கள் பசுமைக்குடிலில் ரோஜாவுக்கும் இதே போராட்டம்தான். இரும்பைப் பிடித்துவைக்கும் கூட்டுப்பொருளைப் பார்த்து வாங்க வேண்டும். ஈ.டி.டி.ஏ. இரும்பு பி.எச். 6.5 தாண்டினால் பிடி தளரும். டி.டி.பி.ஏ. 7.5 வரை தாங்கும். ஈ.டி.டி.ஹெச்.ஏ. அதற்கு மேலும் தாங்கும், ஆனால் தொட்டித் தண்ணீரே சிவந்துவிடும்.

உங்களுக்கு இதெல்லாம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். சரளைக்கு அடியில் ஆக்சிஜன் குறைவு, அங்கே இரும்பு கரைந்த நிலையில் நிற்கும். ஸ்வோர்டு அங்கேதான் தின்னுகிறது. பையன் வைத்துவிட்டுப் போன மாத்திரை டப்பாவில் இரும்பு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் இன்னொன்று வையுங்கள். இப்போது வெளுத்திருக்கும் இலை அப்படியேதான் இருக்கும். அடுத்து வரும் இலையைப் பாருங்கள்.

*

செங்காந்தள், தருமபுரி | ஞாயிறு, மாலை 5:50

எழுதியிருக்கிறது. வைத்துவிட்டேன்.

நேற்றுப் பையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேன் தண்ணீர் ஊற்றியது, கிரிப்ட் கரைந்தது, வாலிஸ்னேரியா பாதி போனது எல்லாம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போர் தண்ணி ஊத்தச் சொல்லித் தாள்ல எழுத மறந்துட்டேம்மா" என்றான். தாளின் கீழே அந்த வரியை நானே எழுதிவிட்டேன்.

*

மொரப்பூர் ஜங்ஷன் | ஞாயிறு, இரவு 7:20

அக்கா, நான் லிக்விட் கார்பன் ஊத்திட்டிருந்தேன்னு சொன்னேன் இல்ல, என் தொட்டில வாலிஸ்னேரியா ஒண்ணுகூட மிஞ்சல. பாட்டிலை நிறுத்திட்டு ரெண்டு தடவை தண்ணி மாத்திட்டேன். உங்க செடி குட்டி விட்டா எனக்கு ஒண்ணு தருவீங்களா? அடுத்த ஞாயிறு தருமபுரி வர்றேன்.

*

செங்காந்தள், தருமபுரி | ஞாயிறு, இரவு 7:45

தருகிறேன் தம்பி. குட்டிக்கு நாலு இலை வந்து வேர் பிடித்த பிறகுதான் கொடியை வெட்ட வேண்டுமாம், பையன் சொன்னான். அதற்குள் அடுத்த குட்டியும் வந்துவிடும். ஈரச் செய்தித்தாளில் சுற்றித் தருகிறேன். உங்கள் வீட்டில் என்ன தண்ணீர்?

*

மொரப்பூர் ஜங்ஷன் | ஞாயிறு, இரவு 7:47

போர் தண்ணிதான்கா. சோப்பு நுரையே வராது.

*

செங்காந்தள், தருமபுரி | ஞாயிறு, இரவு 7:52

அப்படியென்றால் தயங்காமல் வாருங்கள். இரண்டாகவே தருகிறேன்.